ஒரு சோதனைக்கு ஓர் ஆயுள்

*கொலாபாவில் கருவி செய்து, கோலாரில் இறங்கி, ஜெனீவாவில் காத்திருந்து, தேனியில் தடைபட்டு நிற்கும் ஒரு தொழிலின் கதை*

1965ஆம் ஆண்டின் தொடக்கம். கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் சுரங்கம். ஷிப்டுக்கு இறங்கும் தொழிலாளர்களோடு, பம்பாயிலிருந்து வந்த ஆய்வாளர்கள் சிலரும் இரும்புக் கூண்டுக்குள் ஏறி நிற்கிறார்கள். கூண்டு இறங்க இறங்கக் காது அடைக்கிறது. பாறையின் வெக்கை முகத்தில் அடிக்கிறது. 2.3 கிலோமீட்டர் ஆழம் வந்ததும் தொழிலாளர்கள் தங்கப் பாறையை நோக்கிப் போகிறார்கள். ஆய்வாளர்கள் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட குகை அறைக்குள் நுழைகிறார்கள்.

உள்ளே பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகைகள் சுவராக நிற்கின்றன. கூடவே வரிசை வரிசையாக நியான் குழாய்கள். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று கடந்து போனால் பலகையில் நொடியினும் மிகக் குறுகிய நேரம் ஒளி தோன்றும். அந்தச் சைகையில் குழாய்கள் பளிச்சிட்டுத் துகள் போன தடத்தைக் காட்டும். பிறகு செய்ய வேண்டியதெல்லாம் காத்திருப்பதுதான். பல நாட்கள் எதுவுமே பதிவாகாது. வானத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களின் மியூவான் துகள்களை மேலே உள்ள பாறை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. தப்பி வரும் ஒன்றிரண்டும் செங்குத்தாக மேலிருந்தே வரும். பக்கவாட்டில் ஒரு தடம் விழுந்தால்? பூமியின் பாறையை நெடுந்தூரம் துளைத்துக்கொண்டு வந்த ஏதோ ஒன்று அங்கே மியூவானை உண்டாக்கியிருக்கிறது என்று பொருள். அப்படித் துளைத்து வரக்கூடியது நியூட்ரினோ என்ற துகள் ஒன்றே.

அந்தத் தடம் விழுந்தது. 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் கட்டுரை வெளியானது. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை மனிதர்கள் பிடித்துவிட்டார்கள் என்று உலகுக்குச் சொன்ன முதல் கட்டுரை அது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேட்டையில் இருந்த ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவினர் தங்கள் முதல் பதிவைச் சற்று முன்னரே பார்த்துவிட்டிருந்தாலும், அவர்களுடைய கட்டுரை ஆகஸ்ட் 30 இதழில்தான் வந்தது. கோலார்க் கட்டுரையில் இருந்த பெயர்கள் 11. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது.

60 ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்ட் 26 அன்று, சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ‘ஜூனோ’ என்ற நிலத்தடி நியூட்ரினோக் கூடம் தரவு சேகரிக்கத் தொடங்கியது. 700 மீட்டர் ஆழத்தில், 35.4 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் உருண்டைக்குள் 20,000 டன் திரவம். அதன் கட்டுமானம் தொடங்கியது 2015 ஜனவரியில். தேனி மாவட்டத்தில் அமையவிருந்த இந்திய நியூட்ரினோ கூடத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும் அதே ஆண்டு, அதே ஜனவரி மாதம்தான். மூன்று வகை நியூட்ரினோக்களில் எது கனமானது, எது லேசானது என்ற வரிசையைக் கண்டுபிடிப்பதே இரண்டுக்கும் முதன்மை நோக்கம். அங்கே கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே மலை அப்படியே நிற்கிறது.

ஜூனோ செய்தி வந்ததிலிருந்து அறிவியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அணுசக்தித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர்கள் ஏராளம். பி.எஸ்சி. இயற்பியலில் பேரன் சேர்ந்தாலும், தாராவிப் பள்ளியிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று சொன்னாலும், பெரியவர்கள் கேட்பது இதைத்தான்: “இதை நம்பி ஒரு வாழ்க்கையைக் கொடுக்கலாமா?” சோதனைத் துகள் இயற்பியலில் பேராசிரியராக வாழ்வது என்றால் என்ன, அந்த வாழ்க்கையை நாடு எப்படித் தாங்குகிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

நஞ்சன்கூட்டிலிருந்து கொலாபாவுக்கு

இந்தத் தொழிலின் முழு உருவத்தையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் பி.வி. ஸ்ரீகண்டனைத்தான் பார்க்க வேண்டும். 1925இல் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் பிறந்தவர். 1948இல் டாடா நிறுவனத்தில் சேர்ந்தார். ஹோமி பாபா அந்த நிறுவனத்தைத் தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சொந்தக் கட்டடம் இல்லை. பெடர் சாலையில் ‘கெனில்வொர்த்’ என்ற பங்களாவில்தான் ஆராய்ச்சி நடந்தது. கொலாபாக் கடலோரத்தில் இன்று நாம் பார்க்கும் கட்டடத்தை நேரு திறந்து வைத்தது 1962 ஜனவரியில்.

கருவியைக் கடையில் வாங்க முடியாத காலம் அது. கைகர் கவுன்டரை அவர்களே செய்தார்கள். அதற்கான மின்சுற்றையும் அவர்களே அமைத்தார்கள். 1951இல் ஸ்ரீகண்டன் அந்தக் கருவிகளோடு கோலாருக்குப் போனார். ஆழம் கூடக்கூட மியூவான்கள் எப்படிக் குறைகின்றன என்று அளப்பதே வேலை. கேட்பதற்கு எளிது. ஆனால் ஒவ்வோர் ஆழத்திலும் கருவியை நிறுவி, ஈரத்திலும் சூட்டிலும் அது கெட்டுப்போகாமல் பார்த்து, போதிய எண்ணிக்கை சேரும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த ஆழத்துக்கு இறங்க வேண்டும். இந்த வேலை பத்தாண்டுக்கும் மேல் நீண்டது. 1960களின் தொடக்கத்தில் சுரங்கத்தின் மிக ஆழமான பகுதியில் கருவியை வைத்தபோது, சுமார் இரண்டு மாதங்கள் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை.

வேறு தொழிலில் இதைத் தோல்வி என்பார்கள். ஸ்ரீகண்டன், பி.வி. ரமணமூர்த்தி, வி.எஸ். நரசிம்மம், ஜப்பானியர் மியாகே ஆகியோருக்கு அந்தப் பூஜ்யம்தான் கதவைத் திறந்தது. இவ்வளவு அமைதியான இடத்தில் நியூட்ரினோவின் தடம் விழுந்தால் வேறெதோடும் குழப்பிக்கொள்ள வழியில்லை. எம்.ஜி.கே. மேனன் தலைமையில் 1965 சோதனை அந்த அமைதியின் மேல்தான் எழுந்தது.

ஸ்ரீகண்டன் கோலாரோடு நிற்கவில்லை. ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தை வளர்த்தார். பலூன் வழி எக்ஸ்ரே வானியலுக்கு வித்திட்டார். 1975 முதல் 1987 வரை டாடா நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு பெங்களூரில் உணர்வுநிலை குறித்த தத்துவ ஆய்வில் இறங்கினார். 2019 அக்டோபரில், 94ஆம் வயதில் மறைந்தார். இத்தனை பெரிய வாழ்க்கைக்கு அடித்தளமாக இருந்தவை, மண்ணுக்கு அடியில் அவர் எண்ணிக்கொண்டு காத்திருந்த அந்த முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தங்கவயல் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள், தாராவிக்கு நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களைப் போலவே. அந்தக் குகையைக் குடைந்ததும், கூண்டை இயக்கியதும், பாறை வெடிப்பு அபாயத்தோடு நித்தம் வாழ்ந்ததும் அவர்கள். கட்டுரையின் 11 பெயர்களில் அவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் உழைப்பு இல்லாமல் அந்தக் கட்டுரை இல்லை.

---
பெட்டிச் செய்தி: நியூட்ரினோ

மின்னூட்டம் இல்லாத, மிகமிக லேசான துகள். சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு நொடியும் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன. நமக்கு எந்தத் தீங்கும் இல்லை. பெரும்பாலானவை பூமியையே தொடாமல் துளைத்து வெளியேறிவிடும். எலெக்ட்ரான், மியூவான், டவ் என மூன்று வகை. பயணத்தின்போது ஒரு வகை மற்றொன்றாக மாறுகிறது என்பதை 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகண்டே கூடம் காட்டியது. மாறுகிறது என்றால் அதற்கு நிறை இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கண்டுபிடிப்புக்காக தகாகி கஜிதாவும், கனடாவின் ஆர்தர் மெக்டொனால்டும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

---

வெல்டிங் தெரிந்த பேராசிரியர்

பேராசிரியர் என்றதும் கரும்பலகையும் சூத்திரமும்தான் நம் மனதில் வருகின்றன. சோதனைத் துகள் இயற்பியலில் அது வேலையின் ஒரு மூலை மட்டுமே. கொலாபா ஆய்வகத்துக்குள் கேஸ் சிலிண்டர், சால்டரிங் இரும்பு, கண்ணாடித் தகடு, கேபிள் மூட்டைகள் என்று ஒரு பட்டறையே இருக்கும்.

இந்திய நியூட்ரினோ கூடத்துக்காக அவர்கள் உருவாக்கிய ரெசிஸ்டிவ் பிளேட் சேம்பரை எடுத்துக்கொள்வோம். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் ஒரு வாயுக் கலவை, குறுக்கே சுமார் 10,000 வோல்ட் மின்னழுத்தம். துகள் பாய்ந்தால் வாயுவில் சிறு மின்பொறி கிளம்பும். எந்த இடத்தில், எந்த நொடியில் என்பதை வெளியே உள்ள பட்டைகள் பதிவு செய்யும். விதி இரண்டே வரி. செய்வதுதான் கடினம். கண்ணாடியின் மேல் பூசும் மின்கடத்தும் பெயின்ட் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும். ஓரத்தில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தால்கூட வாயுவில் ஈரம் ஏறிக் கண்ணாடி பாழாகும். சிறிதாகச் செய்து பழகி, பிறகு 2 மீட்டர் சதுரத் தகடுகளுக்கு வளர வேண்டும். தேனிக் கூடத்துக்குத் தேவைப்பட்டவை சுமார் 29,000 சேம்பர்கள். கொலாபா ஆய்வகத்தில் 1 மீட்டர் சதுர சேம்பர்கள் 12ஐ அடுக்கி, காஸ்மிக் மியூவான்களைப் பல ஆண்டுகள் பதிவு செய்தார்கள். கருவி நாள்பட நிலைக்குமா என்று தெரிந்துகொள்ள நாள்பட ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்த அறிவு புத்தகத்தில் முழுதாக ஏறுவதில்லை. எந்தப் பசை எந்த மழைக்காலத்தில் இளகும் என்பது, மும்பை ஜூலையில் வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் தேர்ச்சி இது. அதனால்தான் ஒரு திட்டம் நின்றால், அது நின்ற ஆண்டுகளை மட்டும் நாம் இழப்பதில்லை.

11 பெயர்கள், 5,154 பெயர்கள்

கோலார்க் கட்டுரைக்குச் சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2015இல், ஹிக்ஸ் துகளின் நிறையைத் துல்லியமாகச் சொல்லும் ஒரு கட்டுரை வெளியானது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு சோதனைக் குழுக்கள் சேர்ந்து எழுதியது. எழுதியவர்கள் 5,154 பேர். 33 பக்கக் கட்டுரையில் இயற்பியலுக்கு 9 பக்கம்; மீதி முழுவதும் பெயர்களும் நிறுவனங்களும்.

இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை முறை இருக்கிறது. பெரிய ஹாட்ரான் மோதுவியைக் கட்டுவதென்று செர்ன் முடிவு செய்தது 1994 டிசம்பரில். 27 கிலோமீட்டர் வளையத்தில் முதல் மோதல்கள் நடந்தது 2009 நவம்பரில். ஹிக்ஸ் துகள் கிடைத்ததாக அறிவித்தது 2012 ஜூலை 4 அன்று. முடிவெடுத்தபோது 30 வயதில் இருந்த ஒருவருக்கு விடை கிடைத்தபோது 48. இடைப்பட்ட காலம் முழுக்கக் கருவி கட்டுவதிலும் கணினி நிரல் எழுதுவதிலும் கூட்டங்களிலும் போயிருக்கும். 14,000 டன் எடையுள்ள சி.எம்.எஸ். டிடெக்டரில் வெளிப்புற ஹாட்ரான் கலோரிமீட்டர் என்ற பகுதி டாடா நிறுவனத்தின் பொறுப்பு. பாபா அணு ஆராய்ச்சி மையம், டெல்லி, பஞ்சாப் பல்கலைக்கழகங்கள், பின்னாளில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்று இந்தியக் கைகள் அங்கே பல. மோதுவியின் காந்தங்களைத் துல்லியமாகத் தாங்கி நிற்கும் சுமார் 7,000 ஜாக்கிகளும் இந்தியாவில் செய்து அனுப்பப்பட்டவைதான்.

டாடா நிறுவனத்துக்கு இது புதிதல்ல. செர்னின் எல்-3 சோதனையிலும், அமெரிக்க ஃபெர்மிலாப்பில் 1995இல் டாப் குவார்க்கைக் கண்ட டி-ஜீரோ சோதனையிலும், ஜப்பானின் பெல் சோதனையிலும் அதன் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். 2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பினரானது.

ஆனால் 5,154 பேரில் ஒருவராக இருப்பவரின் உழைப்பை எப்படி அளப்பது? பதவி உயர்வுக் குழுவுக்கு முன் அமரும் இளைஞரிடம், “இதில் உங்கள் பங்கு என்ன?” என்று கேட்கும்போது அவர் சொல்வது, “கலோரிமீட்டரின் அளவுதிருத்தம் பார்த்தேன்” என்பதாக இருக்கலாம். அந்த அளவுதிருத்தம் தவறினால் மொத்த முடிவும் தவறும். வெளியாருக்கு இது புரிவதில்லை. பக்கத்து ஆய்வகத்தில் தனியாக ஆறு கட்டுரை எழுதியவர் பளபளப்பாகத் தெரிவார். 2025இல் அடிப்படை இயற்பியலுக்கான பிரேக்த்ரூ பரிசை, செர்னின் நான்கு சோதனைகளைச் சேர்ந்த 13,508 பேருக்குப் பொதுவாக அளித்தார்கள். இந்தத் துறையின் நேர்மைக்கு அது பொருத்தமான கௌரவம் என்றே நினைக்கிறேன்.

---
பெட்டிச் செய்தி: பெயர் போகாத முன்னோடி

டாடா நிறுவனத்தின் முதல் பெண் ஆய்வாளர் விபா சௌத்ரி (1913–1991). கல்கத்தாவில் தேவேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து, மலை உச்சிகளில் போட்டோ தகடுகளை வைத்து மீசான் துகள்களின் தடங்களை 1930களின் இறுதியிலேயே தேடியவர். போர்க்காலத்தில் தரமான தகடு கிடைக்கவில்லை, வேலை தடைபட்டது. அதே முறையை மேம்பட்ட தகடுகளோடு செய்த இங்கிலாந்தின் செசில் பவல் 1950இல் நோபல் பெற்றார். விபா 1949இல் மும்பைக்கு வந்தார். வாழ்ந்த காலத்தில் பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. 2019இல் எச்.டி. 86081 என்ற நட்சத்திரத்துக்கு சர்வதேச வானியல் ஒன்றியம் ‘விபா’ என்று பெயர் வைத்தது.

---

முதலில் ஓடியவர்கள் ஏன் பின்தங்கினார்கள்?

கோலாரின் இரண்டாவது பெரிய முயற்சி புரோட்டான் சிதைவு. புரோட்டான் என்றாவது தானே அழியுமா என்று தேட, 140 டன் இரும்புக்குள் கவுன்டர்களை 34 அடுக்குகளாக அடுக்கி, 1980இல் கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.) குழு கருவியை ஓட்டத் தொடங்கியது. இதற்கென்றே கட்டப்பட்ட முதல் பெரிய கருவி உலகத்திலேயே அதுதான். சிதைவு போலத் தெரிந்த சில பதிவுகளையும் அறிவித்தார்கள். அதன்பின் வந்த ஜப்பானின் கமியோகண்டே 3,000 டன் தண்ணீர், அமெரிக்காவின் ஐ.எம்.பி. 8,000 டன். அந்தப் பெரிய கருவிகளில் புரோட்டான் சிதைவு தென்படவில்லை. கோலார் முடிவு உறுதிப்படாமலே நின்றது.

இதில் வருத்தம் அறிவியல் முடிவைப் பற்றியதல்ல. அறிவியலில் அது இயல்பு. கமியோகண்டேயும் புரோட்டான் சிதைவைக் காணவில்லை. ஆனால் 1987இல் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது அதன் நியூட்ரினோக்களைப் பிடித்தது. அதன் தலைவர் மசதோஷி கோஷிபா 2002இல் நோபல் பெற்றார். ஜப்பான் அடுத்து 50,000 டன் சூப்பர் கமியோகண்டேயைக் கட்டியது. கோஷிபாவின் மாணவர் கஜிதா இன்னொரு நோபல் பெற்றார். ஒரு சோதனை ஒன்றைக் காணாவிட்டாலும், அதை நடத்திய கைகள் அடுத்த சோதனைக்குத் தயாராக இருந்தன. அரசும் தயாராக இருந்தது. நம்மிடமோ தங்கம் லாபம் தராமல் போகப்போக ஆழமான பகுதிகள் மூடப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் ஆய்வகம் மூடியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடியது. சுரங்கத்தை ஆய்வுக்காக மட்டும் காப்பாற்றி வைக்கும் முடிவை யாரும் எடுக்கவில்லை. அன்று அதற்கு ஆகியிருக்கும் செலவைவிட நாம் இழந்தது அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

தேனியில் என்ன நின்றது?

கோலார் மூடிய வெற்றிடத்தை நிரப்பத்தான் இந்திய நியூட்ரினோ கூடம். 2000இல் சென்னையில் நடந்த இயற்பியல் பட்டறையில் யோசனை உருப்பெற்றது. 2002இல் ஏழு நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டன. தொடக்கத்திலிருந்து முன்னின்றவர் டாடா நிறுவனப் பேராசிரியர் நபா மண்டல். கே.ஜி.எஃப். புரோட்டான் சிதைவுச் சோதனையில் தொடங்கி, டி-ஜீரோ வழியாக இங்கே வந்தவர். முதலில் நீலகிரியின் சிங்காரா பார்க்கப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி இருந்ததால் 2009இல் அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்து தேனி மாவட்டம் பொட்டிபுரம் அருகே அம்பரப்பர் மலை. சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் ஒரு பெரிய குகை, அதற்குள் காந்தமாக்கப்பட்ட 50,000 டன் இரும்பு. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம்.

எதிர்ப்பு எழுந்தது. அரசியல் தலைவர் வைகோ உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ‘பூவுலகின் நண்பர்கள்’ அமைப்பினர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2017இல் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி தந்தது. புலிகளின் வழித்தடம், மேற்குத் தொடர்ச்சி மலையின் நிலை ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி, திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதில் என் நிலைப்பாட்டை மறைக்காமல் சொல்கிறேன். நியூட்ரினோவால் மக்களுக்கு ஆபத்து, அணுக்கழிவைக் கொட்டப்போகிறார்கள் என்றெல்லாம் பரவிய பேச்சுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. ஆனால் லட்சக்கணக்கான டன் பாறையை வெடிவைத்து எடுப்பது, லாரிப் போக்குவரத்து, நீர், காட்டின் தொடர்ச்சி ஆகியவை குறித்து மலையடிவாரத்து விவசாயி கேட்ட கேள்விகள் நியாயமானவை. அவற்றை அறியாமை என்று ஒதுக்கியது பெரிய பிழை. கூடங்குளம் போராட்டம் நடந்து முடிந்த சூட்டில், அணுசக்தித் துறையின் பெயரோடு வரும் எந்தத் திட்டத்தையும் மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்பதை முன்பே உணர்ந்திருக்க வேண்டும். விஞ்ஞானிகள் ஊர்களுக்குப் போய்ப் பேசினார்கள்தான். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு விளக்குவது வேறு. தேர்ந்தெடுக்கும் முன்பே மக்களோடு உட்கார்ந்து பேசுவது வேறு.

இனி விளைவுக்கு வருவோம். 2008இல் இந்தக் கூடத்துக்கென்றே முனைவர் பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கியது. மாணவர்கள் முதல் ஆண்டுப் பாடங்களை கொலாபாவில் படிப்பார்கள். பிறகு வெவ்வேறு நிறுவனங்களில் ஆய்வு. 22 வயதில் முதல் அணியில் சேர்ந்தவருக்கு இப்போது ஏறக்குறைய 40 வயது. அவர் பயின்ற கருவி எழும்பவே இல்லை. அவருடைய ஆய்வேடு, வரப்போகும் டிடெக்டர் என்ன காணும் என்ற கணிப்பாகவோ, மாதிரிக் கருவியின் அளவீடாகவோ இருந்திருக்கும். வேலை கேட்டுப் போகும் இடத்தில், “உண்மையான தரவில் என்ன கண்டீர்கள்?” என்றே கேட்பார்கள். இந்தத் துறையில் 25 முதல் 40 வயது வரையிலான காலம் திரும்பி வராது. கருவி கட்டும் பருவம் அதுதான். திறமையானவர்கள் அமெரிக்க, ஜப்பான் சோதனைகளுக்குப் போவது அவர்களுக்கு நல்லதே. ஆனால் அங்கே அவர்கள் பெறும் தேர்ச்சி, இங்கே அடுத்த மாணவரின் கைக்கு வந்து சேர வழி இல்லை.

இழப்பு ஆய்வாளர்களோடு முடியவில்லை. 29,000 சேம்பர்களைச் செய்திருந்தால் கண்ணாடி, பெயின்ட், மின்னணு, காந்தம் என்று எத்தனையோ இந்தியத் தொழிற்கூடங்கள் உயர் துல்லியத்துக்குப் பழகியிருக்கும். அந்தப் பழக்கம் மருத்துவக் கருவிகளுக்கும் போகும். மதுரைக்கு ஓர் ஆய்வு மையமும் பல்கலைக்கழகங்களுக்கு உயிருள்ள ஒரு துறையும் கிடைத்திருக்கும். எஞ்சியிருப்பது மதுரையில் 2018 முதல் இயங்கும் 85 டன் மாதிரிக் கருவி. 50,000 டன்னுக்காகப் பழகியவர்களிடம் 85 டன்.

அறிவியல் அடிப்படையில் கூடத்தின் தேவை முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஜூனோ அணு உலைகளிலிருந்து வரும் நியூட்ரினோக்களைப் பார்க்கிறது. காந்தமுள்ள இரும்புக் கருவியோ, காற்றுமண்டல நியூட்ரினோவையும் அதன் எதிர்த்துகளையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கும். வேறு வழியில் அதே விடையைச் சரிபார்க்க அது இன்னும் உதவும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஜன்னல் குறுகுகிறது.

ஊட்டி சொல்லும் வேறு பதில்

தமிழ்நாட்டில் துகள் ஆராய்ச்சியே கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்பதற்கு ஊட்டி சாட்சி. ஸ்ரீகண்டன் காலத்தில் வளர்ந்த காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் இன்று கிரேப்ஸ்-3 இயங்குகிறது. மலைச்சரிவில் பரப்பி வைத்த சுமார் 400 சிண்டிலேட்டர்கள். கூடவே கோலாரில் பழகிய வகையைச் சேர்ந்த 3,712 கவுன்டர்களால் ஆன, 560 சதுர மீட்டர் மியூவான் டெலஸ்கோப். 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் ஆய்வகத்தின் மேல் கடந்தபோது மியூவான் எண்ணிக்கை குறைந்தது. அந்தக் குறைவிலிருந்து மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டார்கள். 2019இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. இடிமேகத்தை அளக்கவென்று அந்தக் கருவியைக் கட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் விடாமல் ஓடியதால் மட்டுமே அது கண்ணில் பட்டது.

உள்ளூர் ஊழியர்களும் மாணவர்களும் சேர்ந்து சிண்டிலேட்டர் முதல் மின்னணு வரை பெரும்பகுதியை அங்கேயே செய்துகொள்கிறார்கள். மெல்ல வளர்ந்தது, ஊரோடு சேர்ந்து வளர்ந்தது. அடுத்த பெரிய கூடத்தைத் திட்டமிடுகிறவர்கள் தேனியைவிட ஊட்டியைப் படிப்பது நல்லது.

---
பெட்டிச் செய்தி: இந்த வழியில் போக

பிளஸ் டூ முடித்தவர்கள்: நெஸ்ட் தேர்வு எழுதி, கலீனாவில் உள்ள அடிப்படை அறிவியல் உயராய்வு மையத்திலோ, புவனேஸ்வரத்தின் நைசரிலோ ஐந்தாண்டு எம்.எஸ்சி. சேரலாம்.

பி.எஸ்சி., எம்.எஸ்சி., பி.டெக். முடித்தவர்கள்: டாடா நிறுவனத்தின் பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வு நாடு முழுவதும் நடக்கிறது.

உதவித்தொகை: 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி.

அதன் பின்: முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு, வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வு சில ஆண்டு, நிரந்தர வேலை பெரும்பாலும் முப்பதுகளின் நடுவில்.

---

வீட்டுக்குள் ஒரு பேச்சு

இந்தக் கணக்கைப் பார்த்துப் பெற்றோர் தயங்குவதில் தவறில்லை. அந்தேரியில் மென்பொருள் வேலைக்குப் போன அண்ணன் 23 வயதில் வீட்டுக்குப் பணம் தருகிறான். தம்பி 35 வரை உதவித்தொகையிலும் ஒப்பந்தத்திலும் இருப்பான் என்றால் பத்துக்குப் பத்து அறையில் வாழும் குடும்பத்துக்கு அது பெரிய துணிச்சல். அந்தத் துணிச்சலைக் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. மாதா மாதம் தவறாமல் உதவித்தொகை வர வேண்டும். திட்டங்கள் தாமதமானால் மாணவருக்கு மாற்று வழி தர வேண்டும். கூட்டுச் சோதனையில் ஒருவர் செய்த வேலையை மதிப்பிடும் முறை மாற வேண்டும். இவை அரசும் நிறுவனங்களும் செய்யக்கூடியவை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லலாம். இந்தப் படிப்பு வீணாவதில்லை. பெருந்தரவு, மின்னணு, வெற்றிடத் தொழில்நுட்பம், மருத்துவப் படமெடுப்பு என்று துகள் இயற்பியல் முடித்தவர்களை எடுத்துக்கொள்ளும் இடங்கள் பல. பேராசிரியர் ஆகாதவர்கள் தோற்றவர்கள் அல்லர்.

மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் மான்கூர்டில், செம்பூருக்கு அடுத்து இருக்கிறது. ஒலிம்பியாட் முகாம்கள் நடப்பது அங்கேதான். 2009இல் டாடா நிறுவனம் தொடங்கிய ‘சாய் அண்ட் ஒய்?’ என்ற ஞாயிற்றுக்கிழமை உரையாடலை ஜுஹு பிருத்வி தியேட்டரோடு மாட்டுங்கா ரூபாரெல் கல்லூரியிலும் நடத்தியிருக்கிறார்கள். தேநீர் குடித்துக்கொண்டே ஆய்வாளரிடம் எந்தக் கேள்வியும் கேட்கலாம். பிள்ளையோடு பெற்றோரும் போய்க் கேளுங்கள்: சம்பளம், காத்திருப்பு, தோல்வி எல்லாவற்றையும். நேராகப் பதில் சொல்லக்கூடியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

டாடா நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு வழக்கமாக டிசம்பர் மாதம் நடக்கிறது. மும்பையிலும் தேர்வு மையம் உண்டு.